துளை போட்ட வாட்சா, எலும்புக்கூடு வாட்சா?

கேள்வி: அண்ணா, என் கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் திறந்து உள்ளே பார்க்காமல் இருக்க மாட்டார். இந்தத் தீபாவளியை ஒட்டி எங்கள் பத்தாவது திருமண நாள் வருகிறது. உள்ளே சக்கரம் ஓடுவது தெரிகிற வாட்ச் ஒன்று வாங்கிக் கொடுக்க ஆசை. கையில் 400 சிங்கப்பூர் வெள்ளி இருக்கிறது. சீட்டுப் பணம் வந்தால் 1,500 வரை போகலாம். "ஒரு வருஷம் பொறுத்து மூவாயிரம், நாலாயிரம் போட்டு நல்லதா வாங்கு" என்கிறார் என் அண்ணன். இணையத்தில் 128 வெள்ளிக்கு 'டூர்பியான் ஸ்கெலிட்டன்' என்று ஒன்று பார்த்தேன், பார்க்க ஜோராக இருக்கிறது. ஸ்கெலிட்டன், ஓப்பன் ஹார்ட் என்கிறார்களே, இரண்டும் ஒன்றா? எதை வாங்கலாம்? அவர் அதை வேலைக்குக் கட்டிக்கொண்டு போக முடியுமா?
(ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: தங்கச்சி, அந்த 128 வெள்ளி வாட்சை முதலில் பேசி முடித்துவிடுவோம். இதைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் வாங்கிவிடக் கூடாது.

டூர்பியான் என்பது பெரிய சங்கதி. பிரெகே என்ற கடிகாரக்காரர் 1801ல் பாரிசில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போதெல்லாம் வாட்ச் சட்டைப் பையில் நாள் முழுக்க ஒரே நிலையில் நிமிர்ந்து நிற்கும். புவியீர்ப்பு ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருப்பதால் நேரம் பிசகும். அதைச் சரிக்கட்ட, நேரத்தை அளந்து ஆடுகிற பேலன்ஸ் வீல் என்ற சக்கரத்தையும் அதன் கூட்டாளி உறுப்புகளையும் ஒரு சிறு கூண்டுக்குள் வைத்து, அந்தக் கூண்டையே சுழல விட்டார். பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு சுற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த விளம்பரக் காணொளியை மறுபடி பாருங்கள். சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்து இப்படியும் அப்படியும் ஆடுகிறதா? அப்படியானால் அது டூர்பியான் இல்லை. டயலில் ஓட்டை போட்ட சாதாரண வாட்ச். டயலில் 'டூர்பியான்' என்று பொன் எழுத்தில் அச்சடித்திருந்தாலும் அதேதான். உண்மையான டூர்பியான், சீனத் தயாரிப்பாகவே இருந்தாலும், 128 வெள்ளிக்கு வராது. இப்படி ஒன்றை, வாட்ச் பழுதுபார்க்கும் என் மேசையில் வைத்து, "அண்ணே, டூர்பியான், பாத்துத் திறங்க" என்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள். உண்மையைச் சொல்லும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும். பேரில் பொய் சொல்கிறவர் மெஷினில் மட்டும் உண்மையாக இருப்பார் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அதை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. ஸ்கெலிட்டனும் ஓப்பன் ஹார்ட்டும் ஒன்றல்ல. ஓப்பன் ஹார்ட்டில் டயல் டயலாகவே இருக்கும். ஓரிடத்தில் மட்டும் ஜன்னல் வைத்தாற்போல் ஒரு துளை. அது வழியே பேலன்ஸ் வீல் துடிப்பது தெரியும். நொடிக்கு 6 துடிப்பு, சில மெஷின்களில் 8. ஸ்கெலிட்டன் வேறு மாதிரி. அதில் டயலே பெரும்பாலும் இருக்காது. சக்கரங்களைத் தாங்கும் அடித்தகட்டையும் மேலே பிடித்திருக்கும் பிரிட்ஜ்களையும், பலம் போகாத அளவுக்கு அறுத்துக் குடைந்து, இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும்படி செய்திருப்பார்கள். சதையெல்லாம் போய் எலும்பு மட்டும் நிற்கிற மாதிரி.

இரண்டில் ஸ்கெலிட்டன்தான் பாட்டன். பிரெஞ்சு அரசவைக்குக் கடிகாரம் செய்த ஆந்த்ரே-ஷார்ல் கரோன் என்பவர் 1760 வாக்கில் முதலில் இப்படிச் செய்தார் என்று கடிகாரக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். ஓப்பன் ஹார்ட் நம் காலத்துப் பிள்ளை. ஜெனீவாவின் ஃபிரெடெரிக் கான்ஸ்டன்ட் நிறுவனம் 1994ல் 'ஹார்ட் பீட்' என்று ஒரு வாட்ச் போட்டது. டயலில் துளை போட்டு இதயத்தைக் காட்டுவது அதிலிருந்துதான் பரவியது. பாவம், அந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார்கள். அதனால்தான் இன்று 100 வெள்ளி வாட்சிலும் அந்த ஜன்னல் இருக்கிறது.

விலை விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. சிராங்கூன் ரோட்டில் நகை வாங்கும்போது எடை கூடினால் விலை கூடும். ஸ்கெலிட்டனில் தலைகீழ். உலோகம் குறையக் குறைய விலை கூடும், ஏனென்றால் அங்கே காசு உலோகத்துக்கு இல்லை, கூலிக்கு. நல்ல ஸ்கெலிட்டன் செய்கிறவர் நகை ஆசாரி மாதிரிதான். நூல் போன்ற ரம்பத்தால் அறுத்து, அரம் வைத்து ஒவ்வோர் ஓரத்தையும் சாய்வாகச் சீவி, மெருகு ஏற்றுவார். உள்பக்கமாக மடங்கும் மூலைகளைக் கூர்மையாகக் கொண்டுவருவதுதான் கடினம். சுழன்று அறுக்கும் இயந்திரம் விட்டுப்போகும் உள்மூலை சற்று வட்டமாகத்தான் இருக்கும். கை வேலையா இல்லையா என்று பார்க்க நான் முதலில் அங்கேதான் கண்ணை வைப்பேன்.

மலிவான ஸ்கெலிட்டனில் இந்தக் கூலிக்கு இடமே இல்லை. அச்சில் வெட்டிய தகடு, அதன்மேல் பளபளப்பு முலாம், அவ்வளவுதான். பூதக்கண்ணாடியை வைத்தால் ஓரங்களில் பிசிறு தெரியும். மூடியே வைத்திருந்தால் மானம் தப்பியிருக்கும், வேண்டுமென்றே திறந்து காட்டி மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் பட்ஜெட் சிறிதாக இருந்தால் ஓப்பன் ஹார்ட், பெரிதாக இருந்தால் ஸ்கெலிட்டன். என் அனுபவத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்க்கவில்லை. ஒரு துளையைச் சுத்தமாகப் போட 400 வெள்ளி வாட்சிலும் முடியும். ஒரு மெஷின் முழுவதையும் பார்க்கத் தகுந்ததாக ஆக்க அந்தக் காசில் முடியாது.

இன்னொன்று, கடைக்காரர் சொல்லாதது. ஸ்கெலிட்டனில் மணி பார்ப்பது கஷ்டம். பின்னால் பத்துச் சக்கரம் மினுங்கும்போது முள் எது, சக்கரத்தின் கம்பி எது என்று கண் தடுமாறும். கடையில் தலைக்கு மேலே விளக்கு வெள்ளமாக இருப்பதால் இது தெரியாது. கையில் கட்டி, முழங்கையை நீட்டி, இரண்டு நொடி மட்டும் பார்த்துவிட்டு மணி சொல்ல முடிகிறதா என்று சோதியுங்கள். அப்புறம் கடைக்கு வெளியே நடைபாதை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். முள்ளின் நிறம் மெஷினின் நிறத்திலிருந்து நன்றாகப் பிரிந்து தெரிய வேண்டும். வெள்ளி நிற மெஷினுக்கு நீல முள், கறுப்பு மெஷினுக்கு வெள்ளை முள் என்று இருந்தால் நல்லது. இதையும் சொல்லிவிடுகிறேன்: முழுக்க ஊடுருவித் தெரியும் ஸ்கெலிட்டனில் சக்கரங்களுக்கு நடுவே கை முடியும் தெரியும். உங்கள் வீட்டுக்காரருக்குக் கையில் முடி அதிகமா என்று நான் கேட்கப்போவதில்லை, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் ஸ்கெலிட்டன் என்றால் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. கை அசைவில் தானாகச் சாவி ஏற்றிக்கொள்ளும் அரைவட்ட ரோட்டர் ஒன்று பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். எதைப் பார்க்க ஆசைப்பட்டோமோ அதற்குப் பின்னால் ஒரு நிழல் குறுக்கே போய்வரும். அதனால்தான் நல்ல ஸ்கெலிட்டன்கள் பல, கையால் சாவி கொடுக்கும் வகையாக இருக்கின்றன. என் அப்பாவிடம் ஒரு எச்எம்டி இருந்தது. காலையில் குளித்து, திருநீறு பூசி, அப்புறம் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்வார். அந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. இயந்திரப் பித்து உள்ளவர்களுக்குச் சாவி கொடுப்பது தொந்தரவாகவே தெரியாது.

இனி காசு. விலைகள் கடைக்குக் கடை மாறும், தள்ளுபடிக் காலத்தில் இன்னும் மாறும். நான் சொல்வதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

400 வெள்ளிக்குள் என் கை முதலில் போவது ஓரியன்ட் பாம்பினோ ஓப்பன் ஹார்ட் பக்கம். ஜப்பான் மெஷின், எஃப்6டி22 என்று பெயர், ஆட்டோமேட்டிக். வேண்டுமென்றால் கையாலும் சாவி கொடுக்கலாம். நொடிக்கு 6 துடிப்பு, முழுச் சாவியில் 40 மணி நேரம் ஓடும். ஒருநாளைக்கு 25 நொடி முந்தலாம், 15 நொடி பிந்தலாம் என்பது கம்பெனிக் கணக்கு; நான் பார்த்தவை பெரும்பாலும் அதைவிட ஒழுங்காகவே ஓடின. குமிழ் போல் எழும்பிய கண்ணாடி, பழைய காலத்து முகம். குறை என்னவென்றால் கண்ணாடி எளிதில் கீறல் விழாத சபையர் இல்லை, சாதாரண மினரல், கீறல் விழும். தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதை வைத்து நீந்தலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான்.

இதே காசில் சீன ஸ்கெலிட்டனும் கிடைக்கும், அதை முழுக்க ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. சுவிட்சர்லாந்தில் யூனிடாஸ் 6497 என்று ஒரு மெஷின் உண்டு. பாக்கெட் வாட்சுக்காகச் செய்தது, 36.6 மில்லிமீட்டர் அகலம், கையால் சாவி கொடுப்பது. உறுப்பெல்லாம் பெரிது பெரிதாக, அகலமாகப் பிரிந்து இருக்கும். எங்கள் தொழிலில் பழகுகிறவர்கள் முதலில் பிரித்துப் பூட்டுவது பெரும்பாலும் அதைத்தான். அதன் வழியில் சீனாவில் சீகல் நிறுவனம் செய்யும் எஸ்டி36 மெஷினைக் குடைந்து பல பேரில் விற்கிறார்கள். எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று கண்ணாலேயே படிக்கலாம். உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆளுக்கு அது விளையாட்டுச் சாமான், பாடப் புத்தகம் இரண்டும்தான். ஆனால் ஒன்று நன்றாக வரும், அடுத்தது சுமாராக வரும். பரிசுக்குச் சூதாட வேண்டாம் என்பதால்தான் ஓரியன்ட் என்றேன். ஜப்பான் மியோட்டா 8என்24 மெஷின் போட்ட ஸ்கெலிட்டன்களும் பல பெயர்களில் இருக்கின்றன. முரட்டு மெஷின், 42 மணி நேரம் ஓடும், நம்பலாம். குடைந்த அழகு என்று பெரிதாகச் சொல்ல முடியாது.

கொஞ்சம் மேலே போனால் சீக்கோ பிரசாஜ் ஓப்பன் ஹார்ட். 4ஆர்38 மெஷின், 41 மணி நேரம். எண்களை மட்டும் பார்த்தால் ஓரியன்டைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. நாளுக்கு 45 நொடி முந்தலாம், 35 பிந்தலாம் என்று சீக்கோவே இன்னும் தாராளமாக எழுதி வைத்திருக்கிறது. கூடுதல் காசு டயலுக்குத்தான். பிரசாஜ் டயலை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். நல்ல டயலில் போட்ட துளைக்குத் தனி அழகு உண்டு. கண்ணாடி சில மாடலில் சபையர், சிலவற்றில் ஹார்ட்லெக்ஸ் என்ற சீக்கோவின் மினரல் கண்ணாடி. கேட்டு வாங்குங்கள்.

1,500ஐ நெருங்கினால் சுவிஸ் வந்துவிடும். டிசோவின் பவர்மேட்டிக் 80 மெஷின் போட்ட ஓப்பன் ஹார்ட்கள் அந்தத் தொகைக்குள்ளேயே வரும். ஹாமில்டன் ஜாஸ்மாஸ்டர் ஓப்பன் ஹார்ட் அதைத் தொட்டும் கொஞ்சம் தாண்டியும் நிற்கும். இரண்டும் ஸ்வாட்ச் குழுமத்துப் பிள்ளைகள், மெஷினும் ஒரே குடும்பம், முழுச் சாவியில் 80 மணி நேரம். நொடிக்கு 8ஆக இருந்த துடிப்பை 6ஆகக் குறைத்து, சாவி வில் இருக்கும் டப்பாவையும் மாற்றி அந்த 80ஐக் கொண்டுவந்தார்கள். ஜாஸ்மாஸ்டரில் ஒரு துளை இல்லை, டயலையே கிழித்துத் திறந்த மாதிரி பல வெட்டு. சிலருக்கு அது பிடிக்கும். எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிகிறது, ஆனால் கையில் கட்டினால் பெரிய மனுஷத் தோரணை வந்துவிடுகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த 80 மணி நேரத்தைக் காட்டித்தான் உங்களிடம் விற்பார்கள். "வெள்ளிக்கிழமை கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலையிலும் ஓடும்." உண்மைதான். அலுவலகத்துக்குக் கட்டிப்போகிறவருக்கு அது வரப்பிரசாதம். உங்கள் வீட்டுக்காரருக்கு அது தலைகீழ். அவர் வாரநாளில் கட்டக் கூடாது, காரணம் கீழே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு கழற்றி வைத்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் 40 மணி நேர வாட்சும் நின்றிருக்கும், 80 மணி நேர வாட்சும் நின்றிருக்கும். இரண்டையும் சாவி கொடுத்து, மணி வைத்துத்தான் கட்ட வேண்டும். இந்த வகை வாட்சுகளில் பெரும்பாலும் தேதி இல்லை என்பதால் அது அரை நிமிட வேலை. அவர் பயன்படுத்தவே முடியாத வசதிக்கு நீங்கள் ஏன் சீட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டும்?

உங்கள் அண்ணன் சொன்னதும் வெறும் பேச்சில்லை. மூவாயிரம், நாலாயிரம் வட்டாரத்தில்தான் ஸ்கெலிட்டன் என்று மரியாதையாகச் சொல்லத்தக்கது தொடங்குகிறது. அங்கே எனக்குப் பிடித்தது ஓரியன்ட் ஸ்டார் ஸ்கெலிட்டன். கையால் சாவி கொடுப்பது. 2021ல் வந்த புது மெஷினில் சக்கரங்களின் ஓட்டத்தை அடி அடியாக விடும் எஸ்கேப் வீல் சிலிக்கனில் செய்தது, அது ஒரு நீல மினுக்கோடு தெரியும். 70 மணி நேரம் ஓடும். மெருகு வேலையைப் பார்த்தால், இதே வேலைக்குச் சுவிஸ்காரர் எவ்வளவு கேட்பார் என்று தோன்றும். ஓப்பன் ஹார்ட்டே போதும் என்றால் அதை ஆரம்பித்து வைத்த ஃபிரெடெரிக் கான்ஸ்டன்ட் ஹார்ட் பீட்டும் ஏறக்குறைய இந்த வட்டாரம்தான்.

அதற்கு மேலே போவதைச் சும்மா தெரிந்துகொள்ள மட்டும் சொல்கிறேன். ஓரிஸ் புரோபைலட் எக்ஸ், ஒரு முழுச் சாவியில் பத்து நாள் ஓடும் ஸ்கெலிட்டன். ஜெனித் 2003ல் நொடிக்கு 10 முறை துடிக்கும் தன் எல் பிரிமேரோ மெஷின் தெரியும்படி டயலில் துளை போட்டது. கார்ட்டியே சான்டோஸ் ஸ்கெலிட்டனில் ரோமன் எண்களே பிரிட்ஜ்கள். எண்ணை எடுத்தால் மெஷின் விழுந்துவிடும். ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் போனால் ஜன்னலில் பார்த்துவிட்டு வாருங்கள், பார்க்கக் காசில்லை.

வேலைக்குக் கட்டலாமா என்றால், வேண்டாம். மின்தூக்கி மோட்டாரில் காந்தம், பிரேக்கில் மின்காந்தம். வாட்சுக்குள் தலைமுடி கனத்தில் ஹேர் ஸ்பிரிங் என்று ஒன்று சுருண்டு விரிந்துகொண்டிருக்கும். காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் கண்டபடி முந்தி ஓடும். இப்போது வரும் சில சுவிஸ் வாட்சுகளில் காந்தம் சட்டென்று ஏறாத கலவையில் ஹேர் ஸ்பிரிங் செய்கிறார்கள், இருந்தாலும் மோட்டார் பக்கத்தில் நாள் முழுக்க நிற்க அது போதாது. காந்தத்தை எடுப்பது என் மேசையில் ஒரு நிமிட வேலைதான். ஆனால் ஸ்பானரால் இறுக்கும்போது கையில் ஏறும் அதிர்ச்சி, எண்ணெய், வியர்வை எல்லாம் சேரும்போது எத்தனை முறை எடுப்பது? குடைந்து மெலிந்த பிரிட்ஜ் உள்ள ஸ்கெலிட்டனுக்கு அடி இன்னும் ஆகாது. வேலைக்கு அவர் இப்போது கட்டுவதையே கட்டட்டும். வீட்டிலும் கைத்தொலைபேசிக்கு மேல், ஸ்பீக்கர் பக்கத்தில், காந்த மூடி உள்ள டேப்லட்மேல் வைக்க வேண்டாம்.

நம் ஊர் ஈரமும் சும்மா விடாது. தோல் ஸ்ட்ராப்பைக் கட்டி தேக்கா சந்தையை ஒரு சுற்று வந்தாலே உள்பக்கம் நனைந்துவிடும். கழற்றியதும் பெட்டிக்குள் வைக்காமல் காற்றில் உலர விடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே மூட்டம் கட்டினால் அன்றைக்கே கொண்டுவர வேண்டும், "காய்ந்துவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. மூடிய டயலில் துரு மறைந்து வளரும். ஸ்கெலிட்டனில் உள்ளே தெரியாதது எதுவுமே இல்லை. இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழில் பழகிய காலத்தில், என் சீனக் குரு இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு ஸ்கெலிட்டனை வெறும் விரலால் தொட்டுவிட்டேன். தொட்டபோது ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து என் விரல் ரேகை பிரிட்ஜ்மேல் பழுப்பாகப் பதிந்திருந்தது. பேச்சுக் குறைந்த மனிதர் அவர். ஒன்றும் சொல்லாமல் ஒரு டப்பா ரப்பர் விரலுறையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வாங்கும் இடம். ஜப்பான் வாட்சுகளுக்கு முஸ்தபா பேரங்காடியில் ஒருமுறை விலை பார்த்துக்கொண்டு, அப்புறம் அதிகாரபூர்வக் கடையிலும் கேளுங்கள். வித்தியாசம் கொஞ்சம் என்றால் அதிகாரபூர்வக் கடையில் வாங்குவது நிம்மதி. விலை மிகக் குறைவாக இருந்தால் அது வேறு நாட்டிலிருந்து தனியாக வரவழைத்த சரக்காக இருக்கலாம். உத்தரவாதம் கம்பெனியுடையதா, கடையுடையதா என்று கேளுங்கள். உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். வெளிநாட்டு இணையக் கடை என்றால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கூட்டிப் பாருங்கள், மலிவு என்று தோன்றியது பல நேரம் மறைந்துவிடும். இங்கே கடையில் வாங்கினால் 2012 செப்டம்பரிலிருந்து குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் 'லெமன் லா' சட்டம் துணைக்கு இருக்கிறது: ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், வாங்கியபோதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். கரோசல் என்ற இணையச் சந்தையில் ஒரு தனிமனிதரிடம் வாங்கினால் அந்தத் துணை கிடையாது.

லக்கி பிளாசா, பெனின்சுலா பக்கம் பழைய வாட்சும் பார்க்கலாம். பழையதில் ஸ்கெலிட்டனுக்கு ஒரு நன்மை உண்டு: கைத்தொலைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே திருகுத் தலையில் கீறல், தூசி, துருப் புள்ளி எல்லாம் சாட்சி சொல்லும். திருகின் வெட்டு சிதைந்திருந்தால் கை பழகாத யாரோ திறந்திருக்கிறார்கள். திரும்பி நடங்கள். ஆனால் பத்தாவது திருமண நாளுக்குப் புதிதாகவே கொடுங்கள் என்பேன்.

சர்வீஸ் செலவையும் இப்போதே கணக்கில் எடுங்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி எண்ணெய் விட வேண்டும். 400 வெள்ளி வாட்சுக்கு அந்தக் கூலி வாட்ச் விலையில் பெரிய பங்காகத் தெரியும், சில நேரம் புது மெஷின் மாற்றுவதே மலிவாக முடியும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஸ்கெலிட்டன் என்றால் கூலி கூடும். கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வோர் இடமும் சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு தூசி விட்டாலும் வாடிக்கையாளர் திரும்ப வந்துவிடுவார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சீட்டுப் பணத்தைத் தொட மாட்டேன். கையிலிருக்கும் 400க்குள் பாம்பினோ ஓப்பன் ஹார்ட். இன்னும் இருநூறு முந்நூறு சுலபமாகப் புரளும் என்றால் பிரசாஜ், ஆனால் கடன் வாங்கி வேண்டாம். வெள்ளை அல்லது பழுப்பு வெள்ளை டயல் எடுங்கள், துளை எடுப்பாகத் தெரியும். அண்ணன் சொன்ன ஸ்கெலிட்டன் பதினைந்தாவது வருடத்துக்கு இருக்கட்டும். அதை அவரையே அழைத்துப்போய், மணிக்கணக்கில் கடைக்காரர் பொறுமையைச் சோதித்து வாங்குங்கள். அந்த விலையில் ரகசியப் பரிசு வேண்டாம்.

கொடுப்பதற்கு முதல் நாள் இரவு சாவிக் குமிழை இழுக்காமல் முன்பக்கமாக முப்பது நாற்பது தரம் திருகி வையுங்கள். பெட்டியைத் திறக்கும்போது உள்ளே துடித்துக்கொண்டிருக்க வேண்டும், நின்ற வாட்சைக் கொடுத்தால் நன்றாக இருக்காது. அப்புறம், அவருடைய சின்ன ஸ்க்ரூடிரைவர் செட் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? உத்தரவாதம் முடியும்வரை அதை வேறெங்காவது வையுங்கள்.